ஒரே விற்பவர், ஒரே வாங்குபவர்: முற்றுரிமை விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒருவர் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், டீக்கடையில்கூடக் கேள்வி வந்துவிடும். கேன் தண்ணீர் ஏன் இந்த விலை, மாங்காய்க்கு ஏன் அந்த விலை, டோல்கேட்டில் ஏன் இவ்வளவு என்று. கேட்பவர் மாணவரோ விவசாயியோ, விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்குகளில் வரும் ஊரும் எண்களும் கற்பனை, மற்றவை நிஜம்.

ஊரில் ஒரே கடை இருந்தால் அது முற்றுரிமையா?

கடைகளை எண்ணிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஊருக்கு ஒரே டீக்கடைதான் என்றாலும், டீயை இருபத்தைந்து ரூபாய் ஆக்கினால் ஆட்கள் வீட்டிலேயே குடித்துவிட்டு வருவார்கள். கடைக்காரருக்கு அது தெரியும். விலை ஏறினாலும் வாங்குபவருக்குப் போக்கிடம் இல்லை என்றால்தான் முற்றுரிமை, அதாவது ஏகபோகம். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தவிர்க்கச் சுற்றுப்பாதை தேடலாம், ஆனால் லோடு லாரிக்கு அந்தச் சுற்று கட்டுப்படியாகாது. அதனால்தான் சுங்கக் கட்டணத்தை வசூலிப்பவர் விருப்பத்துக்கு விடாமல் விதி போட்டு நிர்ணயிக்கிறார்கள்.

போட்டியே இல்லையென்றால் இஷ்டத்துக்கு விலை வைக்கலாமே?

வைக்கலாம், ஆனால் விற்காது. விலையைத்தான் அவர் தீர்மானிக்கிறார். அந்த விலையில் எத்தனை பேர் வாங்குவது என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், கேன் போடும் ஆர்.ஓ. பிளாண்ட் ஒன்றுதான். 20 லிட்டர் கேனைச் சுத்திகரித்து, வண்டியில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்க 10 ரூபாய் செலவு. கேன் 60 ரூபாய் என்றால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரூபாய் குறைக்கும்போதும் நாளைக்குப் பத்து கேன் கூடுதலாகப் போகும். அடக்க விலையான 10 ரூபாய்க்கே கொடுத்தால் 500 கேன்.

பிளாண்ட்காரர் 36 ரூபாய் வைத்தால் 240 கேன் போகும், கேனுக்கு 26 ரூபாய் நின்று லாபம் 6,240. 34 வைத்தால் 260 கேன், கேனுக்கு 24 ரூபாய், லாபம் அதே 6,240. நடுவில் 35-இல் 250 கேன், லாபம் 6,250. அதற்கு மேல் போனாலும் கீழே வந்தாலும் அவருக்குத்தான் நட்டம். எங்கும் 35 ரூபாய்க்கு வந்து நிற்கிற கேனைப் பார்த்தால், யாரோ மனம்போன போக்கில் வைத்த விலை என்று நினைக்காதீர்கள். ஏற்றி இறக்கிப் பார்த்துக் கண்டுபிடித்த விலை அது.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த கூர்னோ, 1838-இல். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் தண்ணீர்தான்: நோய் தீர்க்கும் கனிம நீர் ஊற்று ஒன்றைத் தனி ஒருவர் வைத்திருக்கிறார், என்ன விலைக்கு விற்பார் என்பதே அவர் கேள்வி.

அவருக்கு லாபம், எங்களுக்கு நட்டம். பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. இதில் சமூகத்துக்கு என்ன நட்டம்?

வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

கேன் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் ஊருக்கு மொத்தமாக 12,500 ரூபாய் பெறுமான நன்மை. 60 ரூபாய் வரை கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் 10 ரூபாய்க்கு வாங்கிவிட்டதால் மிச்சமானது அது. பாடப்புத்தகத்தில் இதற்கு நுகர்வோர் உபரி என்று பெயர். விலை 35 ஆனதும் அந்த உபரி 3,125-ஆகச் சுருங்கிவிடுகிறது. பிளாண்ட்காரருக்கு 6,250 போனது. இரண்டையும் கூட்டினால் 9,375. 12,500-இல் மீதி 3,125 எங்கே?

எங்கும் இல்லை. 10 ரூபாய்க்கு மேல் கொடுக்கத் தயாராக இருந்து, 35 கொடுக்க முடியாமல் வாங்காமல் போனார்களே, அந்த 250 கேனோடு போய்விட்டது. தண்ணீர் எடுக்க வசதி இருந்தது, குடிக்க ஆள் இருந்தது, அடக்கத்துக்கு மேல் கொடுக்கப் பணமும் இருந்தது, ஆனாலும் வியாபாரம் நடக்கவில்லை. பை மாறிய 6,250 நியாயமா என்று ஊர் சண்டை போடலாம், அது பங்கீட்டுச் சண்டை. யாருக்கும் சேராமல் போன 3,125-க்கு எந்த நியாயமும் கிடையாது. முற்றுரிமை மேல் பொருளாதாரம் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இந்தத் தொகைதான். முதலாளி கொழுத்துவிட்டார் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

அந்த இழப்பு பெரிதா என்ன? சின்னது என்று படித்திருக்கிறேனே?

1954-இல் ஹார்பர்கர் என்ற பொருளாதாரவாதி அமெரிக்கத் தொழில்துறைக்கு இதைக் கணக்குப் போட்டார். தேசிய உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம்தான் வந்தது. இதற்கா இத்தனை சத்தம் என்று பலர் கேட்டார்கள்.

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. லைபன்ஸ்டைன் 1966-இல் சொன்னது: போட்டி இல்லாத இடத்தில் செலவே ஏறிவிடும், யாரும் மிச்சம் பிடிக்க மெனக்கெட மாட்டார்கள். டல்லக் 1967-இல் சொன்னது: அந்த 6,250 ரூபாய் லாபத்தைப் பிடிக்கவும் பிடித்ததைக் காக்கவும் ஆட்கள் செலவு செய்வார்கள். லைசென்ஸுக்கு அலைவது, ஆளைப் பிடிப்பது, அடுத்த பிளாண்ட் வராமல் பார்த்துக்கொள்வது என்று போகும் பணத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடுதலாக வராது. அப்படிப் பார்த்தால் பை மாறிய தொகையிலும் ஒரு பங்கு வீண்தான்.

என்னுடைய மனக்குறை வேறு. இந்தக் கணக்கு எல்லோருடைய ரூபாயையும் ஒரே எடையில் நிறுக்கிறது. வாங்காமல் போன அந்த 250 கேன் யாருடையது? பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுடையது. கையில் பணம் குறைவு என்பதால் அவர்கள் 'கொடுக்கத் தயாரான' தொகையும் குறைவு, அதனால் அவர்கள் இழப்பும் தாளில் சின்னதாகத் தெரிகிறது. அந்த வீட்டுப் பிள்ளை போர் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கோடு விழுவது 3,125-க்குள் எங்கும் இல்லை.

டீசல் விலை ஏறினால் முழுசும் எங்கள் தலையில்தானே?

ஆச்சரியமாக, இல்லை. அடக்கம் 10-லிருந்து 14 ஆனால் நம் கணக்கில் அவருக்கு அதிக லாபம் தரும் விலை 37. நாலு ரூபாய் ஏறியதில் இரண்டுதான் உங்களிடம் வரும். போட்டியுள்ள சந்தையில் முழு நாலும் வந்திருக்கும். பரோபகாரம் எல்லாம் இல்லை. ஏற்கெனவே ஏற்ற முடிந்த அளவு ஏற்றியாகிவிட்டது, இன்னும் ஏற்றினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். இந்தப் பாதிக்குப் பாதி கணக்கு நான் எடுத்துக்கொண்ட நேர்கோட்டுத் தேவைக்கு மட்டும் பொருந்தும். செலவு குறைந்தாலும் அதே கதைதான், முழுசாகக் குறைத்துத் தர மாட்டார்.

கலெக்டர் விலை நிர்ணயித்தால் தட்டுப்பாடு வராதா?

போட்டி இருக்கும் சந்தையில் வரும். முற்றுரிமையில் ஓரளவு வரை நேர்மாறாக நடக்கும். கேன் 20 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டால், 400 கேன் போகும், பிளாண்டுக்கு 4,000 லாபம் நிற்கும். விலையும் குறைந்தது, விற்பனையும் கூடியது. 8 ரூபாய் என்று போட்டால் மறுநாள் ஷட்டர் இறங்கிவிடும். அடக்கம் எவ்வளவு என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும், சிக்கலே அங்கேதான். கேட்டால் 10 ரூபாய் செலவை 18 என்றுதான் சொல்வார்.

ஒகேனக்கல் குடிநீரும் ஒரே ஆள் தருவதுதானே?

ஆமாம், அது ஒன்றாகவே இருக்க வேண்டிய வகை. ஜப்பான் நிதி உதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டம், காவிரி நீரை ஏற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவருகிறது. போட்டி வேண்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு குழாய் போடுவது பைத்தியக்காரத்தனம். செலவெல்லாம் குழாயிலும் பம்பிலும் தொட்டியிலும் முதலிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த குடம் தண்ணீருக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. இதை இயற்கை முற்றுரிமை என்பார்கள், மின்சாரக் கம்பியும் இப்படித்தான்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. அடுத்த குடத்தின் செலவுக்கே விலை வைத்தால் குழாய் போட்ட கடன் அடையாது. கடனையும் சேர்த்து வைத்தால் சிலர் திரும்பவும் போர் பைப்புக்குப் போவார்கள். இந்த ஊரில் அது வெறும் வசதிக்குறைவு அல்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய புளோரைடு முதலில் பல்லையும் பிறகு எலும்பையும் பிடிக்கும். அதனால் கட்டணத்தைக் குறைவாக வைத்து மீதியை வரிப்பணத்தில் தாங்குவதுதான் சரி என்பேன். இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

மாங்காய்க்கு விலையே இல்லை. இதில் எங்கே முற்றுரிமை?

மறுபக்கத்தில். இது வாங்குவோர் முற்றுரிமை. இந்த இரண்டு மாவட்டத்தில் ஒரே விற்பவரைவிட ஒருசில வாங்குபவர்தான் அதிகத் தொல்லை.

பெங்களூராவை எடுத்துக்கொள்வோம், கிளிமூக்கு மாங்காய் என்றும் சொல்வோமே, அதுதான். அல்போன்சாவோ மல்கோவாவோ பழமாகவே விலை போகும். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்கு. ஆயிரக்கணக்கான தோப்புகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள். ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும், டோக்கன் வாங்கி ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பார்கள், அடியில் இருக்கும் காய் வெயிலில் பழுத்து ஒழுகத் தொடங்கும். அந்த நேரத்தில் "இந்த ரேட்டுக்கு வேண்டாம்" என்று வண்டியைத் திருப்ப எந்த விவசாயிக்கும் மனசு வராது. டிராக்டர் வாடகையும் பறிகூலியும் ஏற்கெனவே போனது போனதுதான்.

ஆலையின் கணக்கு இப்படிப் போகும். டன் 10,000 ரூபாய்க்கு 100 டன் கிடைக்கிறது. 101-வது டன் வேண்டுமென்றால் 10,050 கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஒருவருக்குக் கூட்டினால் எல்லோருக்கும் கூட்ட வேண்டும். ஆக அந்த ஒரு டன்னின் உண்மைச் செலவு 10,050-உடன் மற்ற 100 டன்னுக்கும் ஐம்பது ஐம்பதாகச் சேர்ந்து 15,050. கூழ் விற்று அந்த டன்னில் 14,000 கிடைக்கும் என்றாலும் ஆலை வாங்காது. 10,050-க்குத் தர ஆள் தயார், 14,000 பெறுமானம் இருக்கிறது, வியாபாரம் மட்டும் இல்லை. தண்ணீர் கேனில் காணாமல் போன அதே வகைத் தொகைதான் இங்கேயும்.

மாங்காயில் இது உடனே கண்ணுக்குத் தெரியாது. மரம் காய்த்தாயிற்று, காயைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் அந்த வருடம் விலை விழும், வரத்து குறையாது. 'எல்லாம் வித்துப்போச்சே, என்ன நட்டம்?' என்று கேட்பார்கள். நட்டம் நாலைந்து வருடம் கழித்து வரும், தோப்பை வெட்டி பிளாட் போடும்போது.

அரசு மானியம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

எப்படிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. 2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது: ஆலை தர வேண்டியது 8, அரசு தருவது 4. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 8. அரசு 4 ரூபாய் மட்டும் கொடுத்து ஆலை விலையை அப்படியே விட்டால், விவசாயிக்கு எப்படியும் 4 வருகிறதே என்று ஆலை தன் விலையை இறக்கிவிடும், மானியத்தில் பாதி கூழோடு கலந்து டிரம்முக்குள் போய்விடும். தரைவிலை ஒன்று இருந்தால், அதற்குக் கீழே பேரம் இறங்காது. கூடுதல் டன் வாங்கினால் எல்லோருக்கும் விலையைக் கூட்ட வேண்டும் என்ற பயமும் ஆலைக்குப் போய்விடும், வாங்கும் அளவே கூடக்கூடும். உத்தரவு தாளிலேயே நின்றுவிடாமல் ஆலை வாசலில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கரும்புக்குத்தான் அரசே விலை வைக்கிறதே?

வைக்கிறது, ஏனென்றால் வாங்குபவரை ஒருவராக ஆக்கியதும் அரசுதான். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு ஆலைக்கும் பரப்பு ஒதுக்க முடியும். ஒதுக்கிய பரப்பில் விளைந்தது அந்த ஆலைக்குத்தான். ஓர் ஆலைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 15 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நம் பக்கம் பாலக்கோட்டிலும், அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு ஆலைகள். கையைக் கட்டிவிட்டதற்கு ஈடாக மத்திய அரசு குறைந்தபட்ச விலை தருகிறது. 2024-25-க்கு, எடையில் 10.25 சதவீதம் சர்க்கரை கிடைக்கும் கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய்.

விலை நிர்ணயித்தாயிற்று, ஆனால் ஒரே வாங்குபவரின் பிடி வேறு வழியில் வரும். வெட்டு உத்தரவு தாமதமாகும், கரும்பு காய்ந்து எடை குறையும், பட்டுவாடா மாதக்கணக்கில் இழுக்கும். விலை கட்டுப்படுத்தப்பட்ட முற்றுரிமை, காலத்திலும் தரத்திலும் பணம் பார்க்கும். சர்க்கரைத் துறைக் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012-இல் பரப்பு ஒதுக்கீட்டையே படிப்படியாக எடுத்துவிடலாம் என்றது. கடத்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் ரொக்கம் கொடுத்து எடுக்கும் வரைதான் விவசாயிக்குப் பேரம் பேசக் கொஞ்சம் தெம்பு.

பட்டுக்கூட்டில் ஏன் இந்தப் புலம்பல் குறைவு?

அங்கே ஏலம் இருக்கிறது. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் கொட்டி வைத்தால், நூற்பவர்கள் கையில் அள்ளிப் பார்த்து ஒருவர் மேல் ஒருவர் கேட்கிறார்கள். விலை பிடிக்காவிட்டால் கர்நாடகத்தின் ராம்நகர் அங்காடிக்குக் கொண்டுபோகலாம். அங்கேயும் விலை விழும், ஆனால் ஒரே ஆளின் பிடியால் விழாது.

தக்காளி கிலோ நூறு ரூபாய் ஆனால் ஏகபோகம்தானே?

இல்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் வரத்து குறைந்தால் ஏறும், கூடினால் சாலையோரம் கொட்டும் நிலைக்கு இறங்கும். முற்றுரிமை விலை இப்படித் துள்ளாது. அது அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்களே, அதுவும் போட்டிதானே?

ஏலத்தில் போட்டி. சந்தைக்குள் இல்லை. அதிகப் பணம் கட்டுபவருக்குக் குத்தகை என்றால், வரப்போகும் ஏகபோக லாபம் முழுவதையும் முன்கூட்டியே உள்ளாட்சி வாங்கிக்கொள்கிறது. குத்தகைதாரர் கட்டியதை எடுக்க, ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று முடிந்த மட்டும் வசூலிப்பார். போச்சம்பள்ளி மாதிரிப் பெரிய சந்தையோ சின்ன ஊர்ச் சந்தையோ, கீரைக்கட்டு கொண்டுவரும் பாட்டிக்கு அந்த ஏலத்தால் பைசா லாபமில்லை.

ஏலத்தைத் திருப்பிப் போடலாம். சந்தையைச் சுத்தமாக வைத்து, தண்ணீர் வசதி செய்து, கூடைக்கு மிகக் குறைவாக யார் வசூலிப்பார் என்று கேட்டு விடுவது. டெம்செட்ஸ் என்ற பொருளாதாரவாதி 1968-இல் இந்த வாதத்தை வைத்தார்: சந்தைக்குள் போட்டி முடியாவிட்டால், சந்தைக்காகப் போட்டி. உள்ளாட்சிக்கு வருமானம் குறையும் என்பதால் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

டாஸ்மாக்?

மொத்த விற்பனை 1983 முதல், சில்லறை 2003 முதல் அரசு கையில். விலை ஏறி விற்பனை குறைந்தால் இங்கே நல்லதுதானே என்பார்கள். குடியின் கேட்டைக் குடும்பமும் ஊரும் சுமப்பதால் கொள்கையளவில் சரி. ஆனால் குடிப்பவர் விலைக்கு அசையாமல் அரிசிப் பணத்தில் கைவைத்தால், அந்த உயர்ந்த விலையைக் கட்டுவது வீட்டுக்காரம்மாதான்.

மருந்துக்குக் காப்புரிமை கொடுப்பது தெரிந்தே ஏகபோகம் கொடுப்பதாகாதா?

ஆகும். கண்டுபிடிக்க ஆன செலவை எடுக்க, குறிப்பிட்ட காலத்துக்குச் சட்டமே தரும் ஏகபோகம் அது. எல்லை மீறினால் சட்டத்தில் வழியும் இருக்கிறது. பேயர் நிறுவனத்தின் சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய் ஆனது. 2012-இல் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார்கள், மாத விலை சுமார் 8,800 ஆனது. அடக்கத்துக்கும் விலைக்கும் நடுவே எத்தனை நோயாளிகள் நின்றிருந்தார்கள் என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும்.

ஆளுக்கொரு விலை வைப்பது அநியாயம்தானே?

எப்போதும் இல்லை. டவுனில் இருக்கும் ஒரே ஸ்பெஷலிஸ்ட் வசதியானவரிடம் 500, இல்லாதவரிடம் 100 வாங்கினால், ஒரே விலையில் வெளியே நின்றிருப்பவரும் உள்ளே வருகிறார். ஆனால் இதில் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. கூரையில்லாத மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளைப் பற்றி 1849-இல் துய்ப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதினார்: கூரை போடக் காசில்லாமல் விட்டதல்ல, இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க முடிந்தவர் இதில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஏழையை நனையவிட்டார்கள்.

ஏகபோகம் சட்டப்படி குற்றமா?

பெரிய ஆளாக இருப்பது குற்றமில்லை. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவது குற்றம். 1969-ஆம் ஆண்டு ஏகபோகத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் வந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2009 முதல் வழக்குகளை எடுக்கிறது. பிரிவு 4 விற்கும் விலையோடு நிற்காமல், வாங்கும்போது வைக்கும் நியாயமற்ற விலையையும் சொல்கிறது. மாங்காய், கரும்பு விவசாயிகள் பலருக்கு இது தெரியாது. பல ஆலைகள் கூடிப் பேசி ஒரே விலை வைத்தால் அது பிரிவு 3. ஆனால் எல்லோரும் ஒரே விலை கொடுத்தார்கள் என்பது மட்டும் போதாது, பேசி வைத்தார்கள் என்பதற்குத் தடயம் வேண்டும்.

விவசாயிகள் கூடி ஒரே விலை கேட்டால் அதுவும் ஏகபோகம்தானே?

வடிவத்தில் அதேதான். விளைவு வேறாக இருக்கலாம். எதிரே பல வாங்குபவர்கள் இருந்தால், கூடிக் கேட்கும் விலை நுகர்வோர் தலையில் விழும். எதிரே ஓரிரு ஆலைகள் மட்டும் என்றால், அது தரைவிலையின் வேலையைச் செய்யும், அதாவது விவசாயிக்கும் கூடும், ஆலை எடுக்கும் அளவும் கூடும். ரொம்ப ஏற்றிக் கேட்டால் உடையும், ஏனென்றால் ஆலை தன் கூழை வெளிநாட்டில் மற்றவர்களோடு போட்டியிட்டுத்தான் விற்கிறது.

பலவீனம் இருப்பது நேரத்தில். கூழ் டிரம்மில் மாதக்கணக்கில் இருக்கும், பறித்த காய் ஒரு வாரம் தாங்காது. அதனால் ஜூனில் ஆலை வாசலில் பேசும் விலைக்குப் பலமில்லை. பூ விடும் தை, மாசியிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போடுவது, சங்கமாக ஒரு சின்னக் கூழ் ஆலையை வாடகைக்காவது எடுப்பது, தோப்பில் பாதியைப் பழமாக விற்கும் ரகத்துக்கு ஒட்டு மாற்றுவது என்று மூன்று வழி எனக்குத் தெரிந்து உண்டு. மூன்றாவதுக்குச் சில வருடம் பிடிக்கும், ஆனால் அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.